மஞ்சள் பூசாத கல்

என் வீட்டுக்காரர் உபதேசியாராக இருந்தார். நல்ல மனுஷர். ஆனால் ஒரு வாக்கியத்தில் முடிகிற விஷயத்தை ஒரு மணி நேரம் சொல்லாமல் விடமாட்டார். நாங்கள் போடிநாயக்கனூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். அது எங்கே இருக்கிறது, எப்போது வரும், யாருக்கு வரும், யாருக்கு வராது என்று ஞாயிறு தவறாமல் நடந்தது. எங்கள் ஜெபக்கூடம் ஊருக்கு மேற்கே மண்சுவர் வைத்துப் புல் வேய்ந்த கொட்டகை. அதில் உட்கார்ந்து கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் மலைக்குச் சுமை தூக்குகிறவர்கள். வாரம் முழுக்க அரிசியையும் உப்பையும் கருவாட்டையும் தலையில் ஏற்றிக்கொண்டு போய், ஏலக்காய் மூட்டையோடு இறங்கி வருகிறவர்கள். உட்கார்ந்ததும் கண் சொக்கும். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ராஜ்யம் நெருங்க நெருங்க ஒவ்வொரு தலையாகச் சாயும்.

அப்போது மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. மலையடிவாரத்து முந்தல் வரை மாட்டுவண்டி போகும். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைதான். பொதிமாடும் கழுதையும் ஆளும் அதில்தான் ஏற வேண்டும். தலைச்சுமையில் ஒரு சங்கடம் உண்டு. மூட்டையைத் தலையில் ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும், இறக்கவும் இன்னொரு ஆள் வேண்டும். தனியாக வருகிறவன் களைத்துப்போனாலும் இறக்கி வைக்க முடியாது. அதற்காகத்தான் நம் பக்கத்தில் வழியோரம் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். இரண்டு கல்லை நெஞ்சு உயரத்துக்கு நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைப்பார்கள். உடம்பைச் சற்றுச் சாய்த்தால் மூட்டை தலையிலிருந்து அதன் மேல் நகர்ந்துவிடும். யார் தயவும் வேண்டாம்.

ஆனால் நினைத்த நேரத்தில் நினைத்தவர் நடுகிற கல் அல்ல அது. வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால் அவள் பேரில் நடுவார்கள். இறக்காத சுமையோடு போனவள் இறக்க வழி தெரியாமல் நின்றுகொண்டே இருப்பாளாம். வழிப்போக்கர்கள் அவள் கல்லில் சுமையை இறக்க இறக்க அவள் பாரமும் குறையுமாம். கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து விளக்கேற்றுவார்கள்.

எங்கள் சபையில் ஒரு சுமைகாரரின் பெண்சாதி அப்படித்தான் போனாள். எனக்கு ரொம்ப வேண்டியவள். ஜெபக்கூடத்தில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். என் வீட்டுக்காரர் ‘கடைசியாக’ என்று சொல்லும்போதெல்லாம் என் தொடையைக் கிள்ளுவாள். அந்தக் கடைசிக்குப் பின்னால் இன்னும் எத்தனை கடைசி வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவளுக்கு நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சியும் என்னென்னவோ செய்து பார்த்துக் கைவிட்டாள். எனக்கும் அப்போது வயிற்றில் பிள்ளை. அதனால் என்னை அந்த வீட்டு வாசலுக்குக்கூட விடவில்லை. சிநேகிதியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாதவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அவள் புருஷன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். பேச்சு காதில் விழுந்தது.

“ஐயா, முந்தலுக்கு மேல ஒரு கல்லு நட்டுக்கிறேன். நீங்க வந்து செபம் பண்ண வேணாம். தடுக்காம இருந்தாப் போதும்.”

“அது அஞ்ஞான வழக்கம்ப்பா. உன் பெண்சாதி கர்த்தர்கிட்ட இளைப்பாறுறா. கல்லு நட்டா, அதை நாம நம்பலைன்னு ஆகும். நான் ஐயருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். சபையில இருந்து உன் பேரை எடுத்துருவாரு.”

எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்போம். எப்போதாவது கீழ்ப்பக்கத்திலிருந்து வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார்.

“பேரை எடுத்துட்டா, நான் செத்தா எங்க பொதைப்பீக?”

“கல்லறைத் தோட்டம் சபையாருக்குத்தான்.”

“அப்ப எம்பொண்டாட்டி பக்கத்துல என்னயப் படுக்க விட மாட்டீக.”

அவன் எழுந்து போகிற சத்தம் கேட்டது. கல்லை நட்டால் அவனுக்கு அவள் பக்கத்தில் இடமில்லை. நடாவிட்டால் அவள் சுமையோடு நிற்கிறாள். இளைப்பாறுகிறாள் என்பதையும் நம்பினான், நிற்கிறாள் என்பதையும் நம்பினான். ஞானஸ்நானம் வாங்கினவன் இரண்டையும் நம்பலாமா என்று அவன் போன பிறகு இவர் என்னிடம் கேட்டார். மனுஷ மனசு என்ன ஒற்றை அறை வீடா என்று நான் கேட்டேன்.

அடுத்து வந்தவள் செத்தவளின் தாயார். முந்தல் பக்கத்தில் குடியிருந்து, மலைச்சரிவில் விறகு பொறுக்கிப் போடியில் விற்கிறவள். மகளும் மருமகனும் ஞானஸ்நானம் வாங்கியபோது, ‘இருக்கிற சாமிகளுக்கே பொங்க வைக்க முடியல, இன்னொண்ணு வேறயா’ என்று ஒதுங்கிக்கொண்டவள். அவள் அழவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. முற்றத்தில் நின்றபடி இவரைக் கூப்பிட்டாள்.

“உபதேசியாரே, எம்மக எங்க இருக்கா?”

“தேவனோட ராஜ்யத்தில இருக்கா, ஆத்தா. அங்க நோவும் கிடையாது, அழுகையும் கிடையாது.”

“பாத்துட்டு வந்தீரா?”

“வேதத்தில இருக்கு.”

“அங்கன போயி அவளுக்குப் பிள்ளை பெறந்துருச்சான்னு வேதத்துல இருக்கா?”

என் வீட்டுக்காரர் பதில் தெரியாமல் நின்றதை எனக்குக் கல்யாணமாகி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“தெரியலேல்ல? எனக்கும் தெரியல. அதுக்குத்தேன் கல்லு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்த வாரத்தோடு ராஜ்யப் பிரசங்கம் நின்றுபோனது. வேறு ஏதோ பேசினார். சீக்கிரமே முடித்தார். தூங்கினவர்கள் எழுந்து, அதற்குள் முடிந்துவிட்டதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு சாப்பாடு போடும்போது கேட்டேன்.

“எனக்கும் இப்படி ஆச்சுன்னா நீங்க என்ன செய்வீங்க?”

“வாயைக் கழுவு.”

“கழுவுறேன். பதிலைச் சொல்லுங்க.”

“ஜெபம் பண்ணுவேன்.”

“காலையிலயும் சாயங்காலமும் ராஜ்யம் வரணும், வரணும்னு கேக்குறோமே, அது எந்த வழியா வரும்? மலை வழியா வந்துச்சுன்னா, வர்றவுக சுமையை எங்க இறக்கி வைப்பாங்க?”

தேவகாரியத்தில் கேலி கூடாது என்றார். கேலி இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை புரளும்போதெல்லாம் குறுக்கே திரும்புகிறதோ என்று திக்கென்றது. பயந்தவளுக்குப் பரலோகத்தைக் காட்டினால் போதுமா? இவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டார்.

மறுநாள் இவரே தாயாரையும் மருமகனையும் வரச்சொல்லி ஆளனுப்பினார். வந்தார்கள். கல் நடலாம் என்றார். ஆனால் செத்தவளுக்காக இல்லை, வழியில் போகிறவர்கள் இளைப்பாறுவதற்காக. மேற்கல்லில் ஒரு சிலுவை வெட்ட வேண்டும். மஞ்சள், பொட்டு, விளக்கு ஒன்றும் கூடாது. இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. தடுமாறாமல் சொல்லி முடித்தார்.

தாயார் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“ஒங்களுக்கு வழியில போறவுகளுக்குன்னு இருக்கட்டும். எனக்கு எம்மகளுக்குன்னு இருக்கட்டும். அதப் போயி கல்லுகிட்ட யாரு கேக்கப் போறா? ஆனா சிலுவ வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“சிலுவையப் பாத்தா ஊருக்காரவுக சொமைய வைக்க மாட்டாக. யாரும் வைக்காத கல்லு எம்மகளுக்கு எதுக்கு?”

“மஞ்சளைப் பாத்தா எங்க ஆளுங்க வைக்க மாட்டாங்களே.”

மருமகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தாயார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப மஞ்ச வேணாம். பொட்டு வேணாம், வெளக்கும் வேணாம். மொட்டையா நிக்கட்டும். ஆனா எல்லாரும் வைக்கணும்.”

முதலில் விட்டுக்கொடுத்தவள் அவள்தான். உபதேசியார் பெண்சாதியான நானே அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கப்புறம் இவரால் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. “சரி, ஒண்ணும் வேணாம்” என்றார். அவர் செய்த பிரசங்கங்களில் எனக்கு மனப்பாடமாக இருப்பது அது ஒன்றுதான்.

கல்லை முந்தல் வரை கொண்டுபோக, மலைக்குச் சரக்கு ஏற்றுகிற ராவுத்தர் ஒருவர் வண்டி கொடுத்தார். தர்மத்துக்கு என்று சொல்லவில்லை. “கல்லு இருந்தா எஞ்சரக்கு சேத்துல விழுகாது, கொண்டு போங்க” என்றார். பாதை ஏறத் தொடங்குகிற முதல் திருப்பத்தில் நட்டார்கள். ஜெபமும் இல்லை, பூசையும் இல்லை. நட்டவர்கள் கையைத் தட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டார்களாம். இவ்வளவு வெறுமையாக ஒரு காரியத்தை முடித்து எனக்குப் பழக்கமில்லை என்று இவர் வந்து சொன்னார்.

ஊருக்காரர்கள் உடனே வைத்துவிடவில்லை. எங்கள் சபையார் பெரும்பாலும் ஊர் ஒதுக்கிவைத்த தெருக்காரர்கள். அவர்கள் நட்ட கல்லில் சுமையை வைத்தால் தீட்டு என்று மற்றவர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுத்துத் தரையில் இறக்கினார்கள். கல் சும்மாவே நின்றது. தாயார் விறகு விற்க வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் போனாள். பிறகு ஐப்பசி மழை பிடித்தது. பாதை முழுக்கச் சேறு. சேற்றில் அரிசி மூட்டையை எவன் இறக்குவான்? முதலில் ஒருவன் வைத்தான். அதைப் பார்த்து இன்னொருவன் வைத்தான். மழை விட்ட பிறகும் வைத்தார்கள். ராவுத்தர் அரிசியும் செட்டியார் உப்பும் எங்கள் ஆட்களின் ஏலக்காய் மூட்டையும் மாறி மாறி அதன் மேல் உட்கார்ந்தன. ராஜ்யம் என்றால் இவ்வளவுதானோ என்று எனக்குத் தோன்றியது. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பிரசங்கமாகிவிடும்.

அந்த மழையோடு எனக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம்.

இதற்குள் எங்கள் சபை மூப்பர் ஒருவர் ஐயருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். உபதேசியாரே முன்னின்று பேய்க்கல் நட்டுவிட்டார் என்று. மாசி மாதம் திருவிருந்து கொடுக்க வந்த ஐயர், தாமே போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். அந்தக் கல்லுக்குக் கும்பிடு நடக்கிறதென்று தெரிந்தால் நட்டவனுடைய பேர் நாளைக்கே போய்விடும் என்றார். மருமகன் அதைக் கேட்டு ஜெபக்கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். சனிக்கிழமை காலை ஐயரும் இவரும் வண்டியில் புறப்பட்டார்கள். மலைமேல் ஏலத்தோட்டத்துச் சபையாரையும் பார்த்துவர வேண்டியிருந்தது. நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டேன். எதற்கு என்று இவர் கேட்டார். காற்று வாங்க என்றேன்.

முந்தலில் வண்டியை அவிழ்த்து, ஐயருக்கு மோர் கொடுத்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். திருப்பத்தில் அந்தத் தாயார் நின்றாள். விறகுக்கட்டு தரையில் கிடந்தது. பக்கத்து ஓடையிலிருந்து கலயத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றி, மணலை வைத்துக் கல்லைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மஞ்சளாக வழிந்தது. காலடியில் ஒரு செவ்வந்திப் பூ கிடந்தது.

நான் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

“என்ன இது? வேணாம்னு ஒத்துக்கிட்டுத்தானே நட்டீங்க?”

“நான் பூசல, ஆத்தா. எவளோ போற வழியில பூசிட்டுப் போயிருக்கா. மருமயன் ராத்திரி வந்து அழுதான், வெள்ளை அங்கிக்காரரு வர்றாருன்னு. அதான் வெரசாக் கழுவுறேன்.”

தேய்க்கத் தேய்க்க அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மகளுக்கு மஞ்சள் வேண்டும் என்று ஆசைப்பட்டவள். யாரோ முகம் தெரியாத ஒருத்தி கேட்காமலே பூசிவிட்டுப் போயிருக்கிறாள். அதைத் தன் கையாலேயே கழுவ வேண்டியிருக்கிறது.

“பூசுனவ புள்ளகுட்டியோட நல்லாருக்கட்டும்” என்றாள். முந்தானையால் கல்லின் இடுக்குகளைத் துடைத்தாள். பூவை மட்டும் எறிய மனம் வராமல் மடியில் கட்டிக்கொண்டாள்.

ஐயர் வந்தார். கல்லைச் சுற்றிப் பார்த்தார். விளக்குக் கரி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். மேற்கல்லில் விரலை ஓட்டினார்.

“ஏன் ஈரமாயிருக்கு?”

“கழுவியிருக்காங்க, ஐயா” என்றேன். அது பொய் இல்லை.

அப்போது மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர் எங்களை விலகச் சொல்லிவிட்டு மூட்டையைக் கல்லில் சாய்த்தார். கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டார். எங்கள் சபையார் இல்லை, நெற்றியில் திருநீறு இருந்தது. இந்தக் கல்லைக் கும்பிடுவதுண்டா என்று ஐயர் அவரிடம் கேட்டார்.

“கும்பிட ஏதுங்க நேரம்? எறக்கி வப்போம், ஒரு வெத்தலை போடுவோம், நம்ம சோலியப் பாத்துப் போவோம்.”

ஐயர் சிரித்துவிட்டார். இவர் பக்கம் திரும்பி, கல் நட்ட அந்த மனுஷனை நாளைக்குத் திருவிருந்துக்கு வரச்சொல்லுங்கள் என்றார். இரண்டு பேரும் மலைப்பாதையில் ஏறிப் போனார்கள். மூட்டைக்காரரும் வாயில் வெற்றிலையோடு இறங்கிப் போனார். நானும் தாயாரும்தான் மிச்சம்.

அவள் விறகுக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

“முதல்லயே கல்லு மேல வச்சிருந்தா இந்தக் கஷ்டம் இல்லையே, ஆத்தா. ஏன் கீழ போட்டீங்க?”

“நான் எப்பவும் கீழதேன் போடுவேன்.”

“ஏன்?”

“ஊரு வைக்கட்டும். எம்மக மேல நான் எப்படிச் சொமைய வப்பேன்?”

தினமும் அந்த இடத்தில் கட்டைத் தரையில் போட்டுவிட்டு, தூக்கிவிட யாராவது வருகிற வரைக்கும் மகளிடம் பேசிக்கொண்டு நிற்பாளாம். அதையும் அவளே சொன்னாள்.

“ஒரு கை குடு, ஆத்தா.”

ஒரு கை போதாது, இரண்டு கையும் வேண்டும். என் இடுப்பில் பிள்ளை. தரையெல்லாம் ஈரமும் கல்லும். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

“அங்கன வை” என்று கல்லைக் காட்டினாள். “அவளுக்குப் பிள்ளைன்னா உசுரு.”

செத்தவள் கல்லில் உயிரோடு இருக்கிற பிள்ளையை வைப்பதா என்று எனக்குப் பயம் வந்தது. கிறிஸ்தவப் பெண்ணுக்கு அந்தப் பயம் இருக்கக் கூடாது. எனக்கு இருந்தது. இருந்தும் தோளில் கிடந்த துண்டை ஈரத்தின் மேல் மடித்துப் போட்டு, பிள்ளையை அதில் படுக்க வைத்தேன். அது அழவில்லை. காலை உதைத்துக்கொண்டு மேலே பார்த்தது. நான் குனிந்து விறகுக்கட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன், அவள் மறுபக்கத்தைப் பிடித்தாள். தூக்கித் தலையில் வைத்துவிட்டேன்.

அவள் போகவில்லை. கல்லின் ஓரத்தில் ஒரு கையை அணைப்பாக வைத்துக்கொண்டு, தலையில் அவ்வளவு பாரத்தோடு, பிள்ளையையே பார்த்தபடி நின்றாள். நான் பிள்ளையை எடுக்கப் போனேன். கொஞ்சம் பொறு என்பதுபோல் மறு கையை நீட்டினாள். நானும் நின்றேன்.

“போதும், ஆத்தா” என்றாள் பிறகு. “எடுத்துக்க.”